ஜேக்யூ: ஜேசன் கோப்பை உருமாற்றும் கட்டளை வரிக் கருவி பற்றிய மதிப்பீடு

நூற்பட்டியல் ஒன்றை, தரவைப் பெயரும் மதிப்புமாக அடுக்கி எழுதும் ஜேசன் (JSON) வடிவிலிருந்து, புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும், விரிதாளில் திறக்கத்தக்க சிஎஸ்வி (CSV) வடிவுக்கு மாற்றித் தரும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, பதிப்பாண்டு, அடையாள எண் ஆகிய தனிப் புலங்கள் இருந்தன; அவற்றோடு ஆசிரியர் பெயர்களுக்கு ஒரு பட்டியலும், பொருள்வகைக் குறிச்சொற்களுக்கு இன்னொரு பட்டியலும் உள்ளுக்குள் அடங்கியிருந்தன. விரிதாளுக்கு அடுக்குகள் தெரியா. அதற்கு வரிசையும் நிரலும் மட்டுமே தெரியும். ஒரே ஒரு முறை செய்து முடிக்கும் வேலையாக இருந்திருந்தால் கையாலேயே பிரித்து எழுதியிருப்பேன். ஆனால் அதே அமைப்பில் புதிய கோப்பு தொடர்ந்து வரும் என்பதால், கோப்பின் பெயரைக் கொடுத்ததும் வேலையை முடித்துவிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று தேவைப்பட்டது. அதை ஜேக்யூவில் (jq) எழுதினேன். இத்தகைய வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவியை நான் இதுவரை கையாண்டதில்லை. ஆயினும் அதில் நிகழக்கூடிய பிழைகளில் மிக மோசமானவை எந்த எச்சரிக்கையும் இன்றி நிகழ்பவை என்பதை, அதைக் கற்கத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். இம்மதிப்பீட்டின் பெரும்பகுதியை அதற்காகவே ஒதுக்குகிறேன்.

ஜேக்யூவை உருவாக்கியவர் ஸ்டீஃபன் டோலன். அதன் முதல் பதிப்பு 2012இல் வெளிவந்தது. சி மொழியில் எழுதப்பட்ட இக்கருவி ஒரே ஒரு இயங்கு கோப்பாகக் கிடைப்பதால், அதை இறக்கி உரிய இடத்தில் வைத்தாலே நிறுவல் முடிந்துவிடுகிறது. எம்ஐடி உரிமத்தின்கீழ் வருவதால் எவரும் கட்டணமின்றி எங்கும் பயன்படுத்தலாம். 2018இல் 1.6 பதிப்பு வந்தபின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய பதிப்பே வரவில்லை; பின்னர் பராமரிப்பு ஒரு குழுவின் பொறுப்புக்கு மாறி, 2023 செப்டம்பரில் 1.7 வெளிவந்தது. 2025இல் 1.8 வந்துள்ளது. இந்த இடைவெளியின் விளைவாகப் பல கணினிகளில் இன்றும் 1.6 தான் இருக்கக்கூடும். ஸ்கிரிப்டை வேறொருவர் கணினியில் இயக்கக் கொடுப்பதற்கு முன் அங்குள்ள பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்வது அவசியம்; ஏன் என்பதைப் பின்னர் எண்களைப் பற்றிப் பேசும்போது விளக்குகிறேன்.

வரிவரியாக எழுதப்பட்ட தரவுக்கு செட், ஆக் போன்ற பழைய யூனிக்ஸ் கருவிகள் இன்றும் போதுமானவை. ஆனால் ஜேசனுக்கு வரி என்பது பொருளற்றது. ஒரே தரவை ஒரே வரியிலும் எழுதலாம், நூறு வரிகளிலும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. ஆகவே வரியை நம்பி எழுதப்பட்ட எந்தத் தேடலும் மாற்றீடும், ஏற்றுமதி செய்யும் மென்பொருள் தன் இடைவெளி வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் நாளில் உடைந்துபோகும். ஜேக்யூ எழுத்துகளைப் பார்ப்பதில்லை, தரவின் கட்டமைப்பைப் பார்க்கிறது. இதுவே அதைத் தேர்வதற்குப் போதுமான காரணம்.

அதன் மையக் கருத்து ஒன்றே ஒன்று. ஜேக்யூவில் எழுதப்படும் ஒவ்வொன்றும் ஒரு வடிப்பான். அது ஒரு மதிப்பை உள்வாங்கி, பூச்சியமோ ஒன்றோ பலவோ ஆன மதிப்புகளை வெளியிடுகிறது. வெறும் புள்ளி என்பது வந்ததை வந்தபடியே தரும் வடிப்பான். கலைந்து கிடக்கும் ஜேசனை உள்தள்ளலுடன் அழகாகக் காட்ட அதுவே போதும். .[] என்பது பட்டியலின் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விடும். | என்னும் குழாய்க்குறி ஒரு வடிப்பானின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாக்கும். இவற்றோடு, நிபந்தனைக்கு உட்பட்டதை மட்டும் அனுப்பும் செலக்ட், பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் மாற்றும் மேப் ஆகிய இரண்டையும் அறிந்தால் அன்றாட வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். என் ஸ்கிரிப்டின் முதல் வடிவம் உண்மையில் மூன்றே படிகள்: நூல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது, ஒவ்வொன்றிலிருந்தும் வேண்டிய புலங்களைச் சதுர அடைப்புக்குள் ஒரு பட்டியலாக்குவது, அதை @சிஎஸ்வி என்னும் வடிவமைப்பானுக்குள் செலுத்துவது. மேற்கோள் குறிகளை இரட்டிப்பது, காற்புள்ளி உள்ள தலைப்பைப் பாதுகாப்பது ஆகிய நுணுக்கங்கள் அனைத்தையும் அந்த வடிவமைப்பானே சரியாகச் செய்கிறது. நிரல் தலைப்புகளை முதல் வரிசையாக வைப்பதும் எளிது: தலைப்புப் பட்டியலை எழுதி, காற்புள்ளியிட்டு, மற்றவற்றை அதன்பின் எழுதினால் இரண்டும் ஒரே ஓட்டமாக வெளிவரும். வெளியீட்டை மேற்கோளின்றித் தரும் -ஆர் விருப்பத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. மறந்தால் ஒவ்வொரு வரிசையும், மேற்கோள்களுக்கு முன் இடப்படும் சாய்கோட்டுத் தப்புக்குறிகள் நிறைந்த ஜேசன் சரமாக, அதாவது மேற்கோளுக்குள் அடைபட்ட எழுத்துத் தொடராக, வந்து நிற்கும்.

இனி நான் அதிக நேரம் செலவழித்த இடத்துக்கு வருகிறேன். நூலுக்கு ஓர் ஆசிரியர் என்றில்லாமல் பலர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை வேண்டும் என்று எண்ணி, வெளியீட்டுப் பொருளின் (பெயரும் மதிப்புமான இணைகளின் தொகுப்பின்) ஆசிரியர் புலத்துக்கு எதிரே ஆசிரியர் பட்டியலை .[] கொண்டு விரித்து எழுதினேன். எதிர்பார்த்தபடியே மூன்று ஆசிரியர் கொண்ட நூலுக்கு மூன்று வரிசைகள் வந்தன. அந்த மகிழ்ச்சியில் குறிச்சொற்களையும் அதே முறையில் விரித்தேன். உடனே மூன்று ஆசிரியரும் நான்கு குறிச்சொற்களும் கொண்ட நூலுக்குப் பன்னிரண்டு வரிசைகள் வந்தன. ஒரே கூற்றுக்குள் மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக விடும் இரண்டு ஓட்டங்கள் இருந்தால் ஜேக்யூ எல்லா இணைகளையும் உருவாக்குகிறது. இது அதன் குறையன்று, விதி. கோப்பு வீங்கியதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் பட்டது. குறிச்சொற்களை ஜாயின் கொண்டு அரைப்புள்ளியிட்டு ஒரே புலத்தில் சேர்த்ததும் சரியாயிற்று.

கண்ணில் படாதது இதன் மறுபக்கம். தொகுப்பு நூல்கள் சிலவற்றுக்கு ஆசிரியர் பட்டியல் வெறுமையாக இருந்தது. வெறும் பட்டியலை விரித்தால் வெளிவருவது பூச்சியம் மதிப்புகள். பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் என்பதுபோல, அந்த நூலின் வரிசையே உருவாகாமல் போய்விடுகிறது. தலைப்பு இருந்தும், ஆண்டு இருந்தும், ஆசிரியர் இல்லாத ஒரே காரணத்தால் நூல் முழுவதும் பட்டியலிலிருந்து மறைந்தது. பிழைச்செய்தி ஏதும் வரவில்லை, கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் வெளியேறு குறியீடும் வெற்றியைக் குறிக்கும் பூச்சியமாகவே இருந்தது. நான் நன்கு அறிந்த ஒரு நூலை விரிதாளில் தேடிக் காணாமல் போனதால்தான் இது தெரியவந்தது. தேடியிராவிட்டால் குறைபட்ட பட்டியலையே ஒப்படைத்திருப்பேன். தீர்வு சிறியது: விரிக்கும் கூற்றை அடைப்புக்குறிக்குள் வைத்து, அதன்பின் // இட்டு, ‘பெயர் இல்லை’ என்னும் சரத்தை எழுதினால், இடப்பக்கம் எதுவும் வராதபோது வலப்பக்கத்தில் உள்ளது வரும்.

ஆனால் அந்த // குறியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மதிப்பு இல்லாதபோது மட்டும் அது மாற்றைத் தரும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நல் என்னும் வெற்று மதிப்பையும், பொய் என்னும் பூலியன் மதிப்பையும் அது ஒன்றாகவே கருதுகிறது. என் தரவில் ‘இரவல் தரலாமா’ என்றொரு புலம் இருந்தது. புலம் இல்லாத நூல்களுக்கு ‘ஆம்’ என்று கொள்ளவேண்டும் என்பது விதி. // கொண்டு எழுதியதும், ‘பொய்’ என்னும் மதிப்பால் இரவல் தரக்கூடாது என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட நூல்கள் அனைத்தும் தரக்கூடியவையாக மாறிவிட்டன. இத்தகைய புலங்களில், மதிப்பு நல்லுக்குச் சமமா என்று இஃப் கூற்றில் வெளிப்படையாகக் கேட்பதே சரியான வழி. சற்று நீளமாக இருந்தாலும் அது சொன்னதையே செய்யும்.

இதே வகையில் மூன்றாவது பொறி ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிந்தைய நூல்களை மட்டும் எடுக்க, ஆண்டை ஸ்கிரிப்டுக்கு வெளியிலிருந்து --ஆர்க் விருப்பத்தின் வழியே அனுப்பினேன். அவ்விருப்பம் தன் மதிப்பை எப்போதும் சரமாகவே தருகிறது. ஜேக்யூவில் வெவ்வேறு வகை மதிப்புகளையும் ஒப்பிடலாம். வகைகளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது, அதில் எண்கள் அனைத்தும் சரங்களுக்கு முன்னே நிற்கும். ஆகவே 2010ஐவிடப் பெரியது எது என்று கேட்டபோது எந்த எண்ணும் எந்தச் சரத்தையும்விடப் பெரிதாகவில்லை. வெளியீடு வெறுமையாக வந்தது. ஒப்பீட்டைத் திருப்பி எழுதியிருந்தால் எல்லா நூல்களும் வந்திருக்கும், அது இன்னும் ஆபத்தானது. எண்ணாகவே அனுப்ப --ஆர்க்ஜேசன் என்னும் தனி விருப்பம் உள்ளது. வேறு பல மொழிகளில் இவ்விடத்தில் பிழை எழுந்து வேலை நின்றிருக்கும். இங்கும் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

எண்களைப் பொறுத்தவரை பதிப்பு முக்கியமாகிறது. 1.6 வரையிலான ஜேக்யூ எல்லா எண்களையும் இரட்டைத் துல்லிய மிதவைப்புள்ளி எண்களாகவே வைத்துக்கொள்ளும். அவ்வடிவில் 9007199254740992 வரை, அதாவது இரண்டின் 53ஆம் அடுக்கு வரை, முழு எண்கள் துல்லியமாக நிற்கும். அதற்கு மேல் அடுத்தடுத்த எண்களை வேறுபடுத்த இயலாது. அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிய அடையாள எண் கோப்பில் இருந்தால், 1.6 அதைப் படித்து வெளியிடும்போதே கடைசி இலக்கமான 3 என்பது 2 ஆகிவிடும். பதின்மூன்று இலக்கமுள்ள நூல் அடையாள எண்களுக்கு இதனால் ஆபத்தில்லை. பதினெட்டு, பத்தொன்பது இலக்கங்களில் அடையாளம் வழங்கும் அமைப்புகளின் தரவுக்குப் பேராபத்து உண்டு. 1.7 முதல், எண்ணைத் தொடாமல் கடத்தினால் மூல இலக்கங்கள் அப்படியே காக்கப்படுகின்றன. கூட்டல், கழித்தல் எதையேனும் செய்தால் பழைய வரம்பு மீண்டும் வந்துவிடும். அடையாள எண்களை ஏற்றுமதியிலேயே சரமாகத் தரச்சொல்லிக் கேட்க முடிந்தால் கேட்டுவிடுவது நல்லது.

தமிழ்த் தரவைக் கையாளும் விதத்தில் ஜேக்யூவுக்கு நல்ல மதிப்பெண் தருவேன். யூடிஎஃப்-8 என்னும் யூனிகோட் குறியீட்டு முறையில் வரும் எழுத்துகளை வந்தபடியே வெளியிடுகிறது. பைத்தான் நிரல்மொழியின் ஜேசன் தொகுதி தன் இயல்புநிலையில் தமிழ் எழுத்துகளை எல்லாம் எண் குறியீடுகளாக மாற்றிவிடுவதை ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஆயினும் நீளம் என்று அது சொல்வது யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளின், அதாவது தனித்தனி எண் பெற்ற குறிகளின், எண்ணிக்கையை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து, ஜேக்யூவுக்கு ஐந்து, பைட் கணக்கில் பதினைந்து. நிரல் அகலத்துக்காகத் தலைப்பை வெட்ட முனைந்தால் வெட்டு எழுத்தின் நடுவில் விழலாம்: ‘தமிழ்’ என்பதன் முதல் நான்கு குறியீட்டுப் புள்ளிகளை எடுத்தால் மெய்ப்புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும். அகரவரிசையிலும் இதே சிக்கல் எழுகிறது. ஜேக்யூவின் சார்ட் குறியீட்டு எண்ணின்படி வரிசைப்படுத்துவதால், அகராதியில் முதலில் வரவேண்டிய ‘அக்கா’ இங்கே ‘அகம்’ என்பதற்குப் பின்னால் போகிறது. ஏனெனில் மெய்ப்புள்ளியின் குறியீட்டு எண் மெய்யெழுத்துகளின் எண்களைவிடப் பெரியது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டிருப்பதால் ‘கனி’ என்பது ‘கவி’க்கு முன்னால் வருகிறது, தமிழ் நெடுங்கணக்கிலோ னகரம் கடைசி மெய். ஆகவே வரிசைப்படுத்தும் பொறுப்பை ஜேக்யூவிடம் ஒப்படைக்காமல், தமிழ் முறைமை அறிந்த வேறொரு கருவியிடம் விட்டேன். குரூப்_பை என்னும் தொகுப்பானும் தொகுக்கும்போதே வரிசைப்படுத்திவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூல வரிசை முக்கியமானால் ரிட்யூஸ் கொண்டு ஒரு பொருளுக்குள் சேர்த்துக்கொண்டே போகலாம், புலங்கள் சேர்ந்த வரிசையிலேயே நிற்கும்.

தமிழ் சிஎஸ்வி கோப்பு சில விரிதாள் மென்பொருள்களில் குழம்பித் தெரிவது ஜேக்யூவின் தவறன்று. கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் மூன்று பைட் அடையாளத்தை அம்மென்பொருள்கள் எதிர்பார்க்கின்றன. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் பிரிண்ட்எஃப் கட்டளையால் அதை முதலில் எழுதிவிட்டு, ஜேக்யூவின் வெளியீட்டை அதன்பின் சேர்த்தால் போதும்.

வடிப்பான் ஐந்தாறு வரிகளைத் தாண்டியதும் அதைக் கட்டளை வரியிலேயே மேற்கோளுக்குள் வைத்திருப்பது துன்பம். யூனிக்ஸ் ஷெல்களில் ஒற்றை மேற்கோள் காப்பாற்றும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் ஒற்றை மேற்கோளை மேற்கோளாகவே கொள்வதில்லை. வடிப்பானைத் தனிக் கோப்பில் எழுதி -எஃப் விருப்பத்தால் அழைப்பதே எல்லா இடத்துக்கும் பொருந்தும். # இட்டுக் குறிப்புரையும் எழுதலாம், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது அதன் அருமை புரியும். வெளியீட்டை உள்ளீட்டுக் கோப்பின் மீதே திருப்பிவிடக் கூடாது: ஜேக்யூ அதைத் திறப்பதற்கு முன்பே ஷெல் அக்கோப்பை வெறுமையாக்கிவிடும், மூலத் தரவு திரும்பாது. வேறு பெயரில் எழுதி, வெற்றியானபின் பெயர் மாற்றுவதே முறை.

‘வெற்றியானபின்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோப்பு முழுவதும் ஒரே பெரிய பட்டியலாக இருந்து, நடுவில் ஒரு பதிவில் பிழை எழுந்தால், அதுவரை உருவான வரிசைகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருக்கும், எஞ்சியவை வராது. பிழைச்செய்தி திரையில் ஒரு வரியாகத் தோன்றும், வெளியேறு குறியீடு 5 ஆக இருக்கும், கோப்போ பார்வைக்கு முழுமையானதுபோலவே காட்சியளிக்கும். என் வடிவமைப்பானுக்குள் ஒருமுறை பட்டியல் ஒன்று தவறிப் புகுந்தபோது இதுதான் நடந்தது. எனவே வெளியேறு குறியீட்டைச் சோதிக்காத ஸ்கிரிப்டை நான் முடிந்த ஸ்கிரிப்டாகக் கருதுவதில்லை.

பிழைச்செய்திகள் குறித்து ஒரு சொல். ‘நல் மீது சுழல முடியாது’, ‘எண்ணுக்குள் பெயரைக் கொண்டு தேட முடியாது’ என்ற அளவில் அவை காரணத்தைச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் எத்தனையாவது பதிவில் என்று சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளில் குற்றவாளியைத் தேட ஒவ்வொன்றின் வகையையும் டைப் கொண்டு நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது. கையேடு முழுமையானது, ஒவ்வொரு வடிப்பானுக்கும் உள்ளீடும் வெளியீடும் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ளன. எனினும் அது ஏற்கெனவே அறிந்தவர் புரட்டும் அகராதி, புதியவருக்குப் பாடநூலன்று. நேரங்களைக் கையாளும் பகுதி எனக்கு நிறைவளிக்கவில்லை: நொடியின் பின்னம் சேர்ந்து வரும் நேர முத்திரைகளை ஃப்ரம்டேட் ஏற்பதில்லை, அப்பின்னத்தை முன்னதாகவே நீக்கித் தரவேண்டும்.

நினைவகப் பயன்பாட்டையும் கவனிக்க வேண்டும். வரிக்கு ஒரு ஜேசன் பதிவு என்ற அமைப்பில் கோப்பு இருந்தால் ஜேக்யூ ஒவ்வொன்றாகப் படித்து விடுவித்துச் செல்லும், கோப்பின் அளவு பொருட்டல்ல. ஒரே பெரும் பட்டியலாக இருந்தால் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றியபின்பே தொடங்கும். இதற்கென --ஸ்ட்ரீம் விருப்பம் உண்டு; அது தரவைப் பாதையும் மதிப்புமான துண்டுகளாக்கித் தருவதால் எழுதுவதும் கடினம், ஓட்டமும் மெதுவாகிறது. என் நூற்பட்டியலுக்கு அது தேவைப்படவில்லை.

மாற்றுக் கருவிகளில் கோ மொழியில் எழுதப்பட்ட கோஜேக்யூ, பெரிய முழு எண்களைக் கணக்கிடும்போதும் துல்லியமாக வைத்துக்கொள்கிறது. அத்தகைய தரவு உள்ளவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம், மொழி பெரும்பாலும் ஒன்றே. எதிர்த்திசையில், சிஎஸ்வியிலிருந்து ஜேசனுக்கு மாற்ற வேண்டியவர்களுக்கு ஜேக்யூவைப் பரிந்துரைக்க மாட்டேன். சிஎஸ்வியை எழுதும் திறன் அதற்கு உண்டு, படிக்கும் திறன் இல்லை. வரிகளைக் காற்புள்ளியில் பிளந்து சமாளிக்க முயன்றால், காற்புள்ளி கொண்ட முதல் தலைப்பிலேயே நிரல்கள் இடம்பெயர்ந்துவிடும். அதற்கு மில்லர் என்னும் கருவியோ, பைத்தானின் சிஎஸ்வி தொகுதியோ தகுந்தது. மாற்றும் விதிகள் ஒரு திரையை மீறி வளர்ந்து, இடையிடையே வேறு கோப்புகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதாகிவிட்டாலும் பைத்தானுக்குச் சென்றுவிடுவதே நல்லது.

என் ஸ்கிரிப்ட் இப்போது ஏறக்குறைய முப்பது வரிகள். அதில் வடிப்பான் பன்னிரண்டு வரி. மீதம் எல்லாம் சோதனை. மூலக் கோப்பில் எத்தனை நூல்கள் என்று லெங்த் கொண்டு முதலில் எண்ணுகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் எண்ணிக்கையை எடுத்து, பூச்சியமானால் ஒன்று என்று கொண்டு கூட்டி, எத்தனை வரிசைகள் வரவேண்டும் என்பதைக் கணக்கிடுகிறது. பின்னர் உருவான கோப்பில் வரிசைகளை எண்ணி, தலைப்பு வரிசையைக் கழித்து, இரண்டும் ஒன்றானால் மட்டுமே தற்காலிகக் கோப்புக்கு உரிய பெயரைச் சூட்டுகிறது. வேறுபட்டால் இரு எண்களையும் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தலைப்புக்குள் வரிமுறிவு இருந்த ஒரு நூலால் இந்த எண்ணிக்கையும் ஒருமுறை பிசகியது. அதன்பிறகு தலைப்புகளிலுள்ள வரிமுறிவை இடைவெளியாக மாற்றும் ஒரு வரியை வடிப்பானில் சேர்த்திருக்கிறேன்.